அப்பாவோட புல்லட், ஒரு கார் ஷெட், ஹார்ட்டெயில் ஆசை: எங்க வெட்டணும்?

#1 பெரம்பூர்_பட்டறை
ஞாயிறு, இரவு 10:50

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சுட்டுப் போற ஆள். முதல் பதிவு.

அப்பா ஓட்டின 1986 புல்லட் 350 ஒண்ணு 6 வருஷமா வீட்ல சாக்கு மூடிக் கிடக்கு. ரைட் சைடு கியர், கேஸ்ட் அயர்ன் சிலிண்டர் வெச்ச எஞ்சின். அப்பா போனப்புறம் யாரும் கிக்கர்ல கால் வைக்கல. போன தீபாவளி லீவுல எஞ்சினைப் பிரிச்சுட்டேன். இப்ப ஒரு பக்கம் எஞ்சின் கேஸ் (வெளிக்கூடு), ஒரு பக்கம் ஃப்ரேம், நடுவுல நான்.

ஆசை என்னன்னா, பின்னாடி ஷாக் அப்சார்பரே இல்லாம, பால்காரர் சைக்கிள் மாதிரி, ஹேண்டில் மாட்டற கழுத்துலேர்ந்து பின் அச்சு வரைக்கும் ஒரே கோடா இறங்குற ஹார்ட்டெயில். பின்பக்கம் 3 இஞ்ச் இறங்கணும், 2 இஞ்ச் நீளணும். மேல ஸ்ப்ரிங் வெச்ச ஒத்த சீட்டு.

தொழில் ஏசி மெக்கானிக். செம்புக் குழாய் பிரேசிங் தூக்கத்துல எழுப்பிவிட்டாலும் பண்ணுவேன். இரும்புல கேட், கிரில் அளவுக்குத்தான் கை பழக்கம். 10-க்கு 18 அடி கார் ஷெட் இருக்கு (கார் இல்ல, அதனாலதான் ஷெட் எனக்கு). 4 இஞ்ச் கிரைண்டர், வைஸ், ட்ரில் ஸ்டாண்டு, ஒரு சின்ன ஆர்க் இன்வெர்ட்டர் மெஷின்.

என்ன பைப்? என்ன வெல்டிங்? ஃப்ரேமை எங்க வெட்டணும்?

#2 லூனா_லோகு

முதல் ரெண்டுக்கும் பதில் தெரியாது. மூணாவதுக்குத் தெரியும்: எங்கயும் வெட்டாத.

1949-ல புல்லட்டுக்குப் பின்னாடி ஸ்விங் ஆர்ம் வந்துச்சு, பின் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஷாக்கோட மேலும் கீழும் ஆடற கை. அந்த வண்டி பேர் வாங்கினதே அதுலதான். அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் நீ ஆசைப்படுற மாதிரிதான் இடுப்பை உடைச்சுட்டு இருந்துச்சு. 75 வருஷம் முன்னாடி ஒருத்தன் மண்டையைக் குடைஞ்சு சரி பண்ணதை நீ மண்டையைக் குடைஞ்சு கெடுக்கப் போற. வாழ்த்துகள் மாப்ள.

#3 குமாஸ்தா

கசப்பு மருந்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின் 4-ஆம் உட்பிரிவு: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

சைலன்சர் மாற்றுவதையே பிடிக்கிறார்கள். நீங்கள் சொல்வது வண்டியின் எலும்புக்கூட்டை மாற்றுவது. ஏதாவது விபத்து என்றால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் படம் எடுப்பது உங்கள் பின் அச்சைத்தான்.

இன்னொன்று. புல்லட்டில் சாசி எண் கழுத்தில் பஞ்ச் அடித்திருக்கும். அதன் மேல் கிரைண்டர் படவே கூடாது. பெயின்ட் சுரண்டும்போதுகூட அந்த இடத்தை டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

#4 லூனா_லோகு

சார், புதுப்பேட்டைல ஒரு பழைய ஃப்ரேம் வாங்கி அதை வெட்டினா? அப்பா வண்டி தப்பிச்சுடும்ல.

#5 குமாஸ்தா

பில்லும் பழைய ஆர்.சி.யும் கொடுத்தால் வாங்கலாம். எண் தேய்த்த ஃப்ரேமை வாங்கி வீட்டில் வைத்தால், அது திருட்டு வண்டி இல்லை என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில். புதுப்பேட்டைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது, அதோடு திரும்பிவிடுங்கள்.

#6 பெரம்பூர்_பட்டறை

குமாஸ்தா சார், நன்றி, புரியுது. ரோட்டுல ஓட்டற எண்ணம் இல்ல. செங்குன்றம் தாண்டி மாமா தோப்பு இருக்கு, உள்ளயே ஒரு கிலோமீட்டர் மண் பாதை. குட்டி யானைல ஏத்திட்டுப் போய் அங்க ஓட்டிப் பார்த்துட்டு ஏத்திட்டு வந்துடுவேன்.

#7 ஃப்ரேம்ஷாப்_தாத்தா

தம்பி, வடசென்னையில 30 வருஷத்துக்கு மேல ஃப்ரேம் வேலை பார்த்தவன் நான். ஒரு விஷயம் சொல்றேன், நிதானமா கேளு.

புல்லட் ஃப்ரேமுக்கு அடியில தொட்டில் கிடையாது. முன் ட்யூப் கீழ இறங்கி எஞ்சின் மூக்குல வந்து நின்னுடும். அங்கேர்ந்து பின் பிளேட் வரைக்கும் எஞ்சின் கேஸ்தான் ஃப்ரேம். எஞ்சினைக் கழட்டிட்டா அது ஒரு கால் ஒடிஞ்ச நாற்காலி. சுவத்துல சாய்ச்சு வெச்சா நிக்கும். ஆனா அளவு அதே அளவுதானான்னு சத்தியம் பண்ண முடியாது. அதனால பின்பக்கம் எந்த வேலை பண்ணாலும் காலி கேஸை உள்ள மாட்டி, அத்தனை போல்டும் முறுக்கி, அப்புறம்தான் டேக் (பிடிச்சு நிக்கற பொட்டு வெல்டு) அடிக்கணும். உள்ள பேரிங் இருக்கக் கூடாது. எர்த் கிளாம்பை வெல்டு பக்கத்துலயே மாட்டு. எங்கயோ மாட்டினா கரன்ட் போற வழியில இருக்கறதையெல்லாம் பொரிச்சுட்டுப் போகும்.

அடுத்தது, வெட்டாதே. ஸ்விங் ஆர்ம் சுத்துற அந்தப் பெரிய போல்டு ஒரு பிடி. மேல ஷாக் மாட்டுற ஸ்டட் ரெண்டு, அது ரெண்டாவது பிடி. இந்த இடங்களைப் பிடிச்சு ஒரு முக்கோணம் தனியா கட்டு. கீழ் ட்யூப் ரெண்டு, மேல் ட்யூப் ரெண்டு, அச்சு பிளேட் ரெண்டு, குறுக்க ஒரு பாலம். கழட்டி மாட்டற ஹார்ட்டெயில். வேணாம்னா நாளைக்கு ஸ்விங் ஆர்மைத் திரும்ப மாட்டு, அப்பா வண்டி அப்பா வண்டியா நிக்கும்.

ஆனா மேல் ஸ்டட்டை மட்டும் நம்பாதே. அது ஷாக் மெத்தை மாதிரி வாங்கிக்கிட்டு மிச்சம் விட்ட அடியைத் தாங்கிப் பழகினது. இப்ப குழியில விழுற முழு அடியும் நேரா அங்க போகும். ரெண்டு பக்க ஸ்டட்டையும் இணைச்சு குறுக்க ஒரு ட்யூப் கொடு.

#8 வேளச்சேரி_போட்

இவ்வளவு எதுக்கு பாஸ்? ஷாக்கைக் கழட்டிட்டு அந்த இடத்துல ரெண்டு இரும்பு ராடு மாட்டினா ஹார்ட்டெயில் முடிஞ்சுது. நான் ஒரு வருஷம் அப்படி ஓட்டினேன்.

#9 கோணமானி

ஓட்டினீங்க. எப்படி இருந்துச்சு?

#10 வேளச்சேரி_போட்

ஸ்விங் ஆர்ம் புஷ் ரெண்டும் போச்சு. ஒரு ஸ்டட் வளைஞ்சுது. ஆனா ஓட்டினேன்.

சரி அதை விடுங்க, உருப்படியா ஒண்ணு சொல்றேன். ஷெட்ல வெல்டிங் மெஷினைத் தரையில வைக்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் தண்ணில என் மெஷின், கிரைண்டர், புது பாட்டரி எல்லாம் ஒரே ராத்திரில ஜல சமாதி. இப்ப எல்லாமே சுவத்துல 4 அடி உயரத்துல. பெரம்பூரும் ஒண்ணும் மலை இல்ல.

#11 ரெண்டு_நூல்

பைப் கேள்விக்கு யாரும் வரல. பாரிமுனைல செம்புதாஸ் தெரு போங்க. கடைல போய் “பைக் ஃப்ரேம் பைப்” னு கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க. “சி.டி.எஸ். சீம்லெஸ், வெளி விட்டம் இவ்வளவு, சுவர் இத்தனை கேஜ்” னு கேளுங்க, மரியாதையே வேற. சீம்லெஸ்னா தையல் இல்லாத பைப்.

வெளி விட்டம் 1 இஞ்சுக்கும் 1 இஞ்ச் 1 நூலுக்கும் (ஒரு நூல்னா இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு) நடுவுல, சுவர் 12 கேஜ், அதாவது 2.6 மி.மீ. சொச்சம். 14 கேஜ் 2 மி.மீ.தான். கை தேர்ந்தவன் அதுல கட்டுவான். முதல் ஃப்ரேமுக்கு அந்த அரை மி.மீ. உங்க வெல்டிங்கை மன்னிக்கும். 16 கேஜ் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க, 1.6 மி.மீ.ல ஓட்டை விழும். இவங்க கேஜ் கணக்குல நம்பர் ஏற ஏற பைப் மெலியும், அதை மறந்து “பெரிய நம்பரா குடுங்க” னு கேட்ட ஆளை எனக்குத் தெரியும். (நான்தான்.)

ஈ.ஆர்.டபிள்யூ. பைப்பைச் சீம்லெஸ்னு சொல்லித் தந்தா, வெட்டின முனைக்குள்ள சுண்டு விரலை விட்டுச் சுத்துங்க. உள்ள ஒரு தழும்பு தட்டுச்சுன்னா அது தைச்ச பைப். தைச்ச பைப்லயும் நல்ல தரம் இருக்கு. ஆவடில இதுக்குன்னே 1950-கள்லேர்ந்து பெரிய ஆலை ஓடுது. ஆனா கடை மூலைல துரு ஏறிக் கிடக்கறது எந்தத் தரம்னு கடைக்காரருக்கே தெரியாது.

தண்ணி பைப், அந்த ஜி.ஐ. பைப், கனவுலயும் வேண்டாம். அது மேல இருக்கற துத்தநாகம் ஆர்க் சூட்டுல புகையா வரும். அன்னிக்கு ராத்திரி குளிர் ஜுரம் தூக்கிப் போடும். வெல்டும் பணியாரம் மாதிரி பொத்தல் பொத்தலா இருக்கும்.

#12 ஆர்கான்_அக்கா

அம்பத்தூர்ல ஷாப் ஃப்ளோர் வெல்டர், 11 வருஷம். தம்பி பிரேசிங் தெரியும்னு சொன்னது நல்ல செய்தி. டிக் வெல்டிங் பிரேசிங்குக்குச் சொந்தக்காரிதான். ஒரு கைல சூடு, ஒரு கைல கம்பி. குழி உருகுறதைக் கண்ணால பாத்து ஊட்டணும். ஆர்க்ல கேட் அடிச்ச பழக்கம்தான் இங்க கெடுக்கும்.

2.6 மி.மீ. சுவருக்கு 80-லேர்ந்து 100 ஆம்பியர் போதும். அதனால வீட்டு சிங்கிள் ஃபேஸ்லயே ஓட்டலாம். கம்பி 1.6 மி.மீ., இ.ஆர்.70 எஸ்-2. உருகின குழி மேல காத்து படாம மூடற வாயு ஆர்கான். 7 கன மீட்டர் சிலிண்டர் எடுத்தா, நிமிஷத்துக்கு 8 லிட்டர் வெச்சா, 14 மணி நேரத்துக்கு மேல வரும். கத்துக்கறதுக்கே பாதி போயிடும், பரவால்ல.

இப்ப சென்னைக்குன்னு தனியா. ஃபேனை நிறுத்துங்க. டேபிள் ஃபேன் காத்து பட்டா ஆர்கான் கலைஞ்சு வெல்டுக்குள்ள புழு அரிச்ச மாதிரி ஆயிடும். சித்திரை வெயில்ல ஃபேன் இல்லாம தகரக் கூரைக்கு அடியில மனுஷன் நிக்க முடியாது, அதனால காலைல 5-லேர்ந்து 8 வரைக்கும்தான் வெல்டிங். அதுக்கப்புறம் அரம், அளவு, டீ. வேர்வைல நனைஞ்ச கையுறையோட டார்ச்சைத் தொடாதீங்க. ரெண்டு ஜோடி வெச்சுக்கிட்டு மாத்தி மாத்தி வெயில்ல காய வைங்க.

ஏசி கேஸ் சிலிண்டர் எதுவும் அந்த ஷெட்டுக்குள்ள இருக்கக் கூடாது. ஏசி மெக்கானிக் வீடுன்றதால சொல்றேன்.

பைப் முனையை இன்னொரு பைப்புல உக்காரற மாதிரி மீன் வாய் வெட்டுங்க. ட்ரில் ஸ்டாண்டுல ஹோல் சா போட்டு வெட்டி அரத்தால சரி பண்ணலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சா இடுக்குல வெளிச்சம் தெரியக் கூடாது. இடுக்கை வெல்டால நிரப்பலாம்னு நினைச்சா, அந்த வெல்டு ஆறும்போது பைப்பை இழுத்துட்டுப் போகும்.

எல்லாப் பக்கமும் மூடின ட்யூபுக்கு 3 மி.மீ. ஓட்டை ஒண்ணு விடுங்க. இல்லைன்னா கடைசிப் பொட்டை மூடும்போது உள்ள சூடான காத்து அதைப் பிச்சுக்கிட்டு வெளிய வரும்.

#13 லூனா_லோகு

நான் கிண்டல் பண்ண வந்தேன், இப்ப நோட்டுல எழுதிட்டு இருக்கேன்.

#14 கோணமானி

3 இஞ்ச் இறக்கறேன்னு லேசா சொல்லிட்டீங்க. பின்னாடி இறக்கினா முன் கழுத்து படுக்கும், அது ஸ்டீயரிங்கை மாத்தும்.

கணக்குக்காக ஒரு வண்டி எடுத்துக்கலாம். முன் சக்கரத்தோட ஆரம் 325 மி.மீ., ஃபோர்க் ஆஃப்செட் (கழுத்துக் கோட்டுலேர்ந்து முன் அச்சு தள்ளி நிக்கற தூரம்) 60 மி.மீ., கழுத்துச் சாய்வு 27 டிகிரி. கழுத்தோட கோட்டைத் தரை வரைக்கும் நீட்டுங்க. அது தரையைத் தொடுற இடத்துக்கும் டயர் தரையைத் தொடுற இடத்துக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் ட்ரெயில். இங்க அது 98 மி.மீ. வரும். புல்லட்டோட வீல்பேஸ் 1370, நீங்க 2 இஞ்ச் நீட்டினா 1420. பின்பக்கம் 75 மி.மீ. இறங்கினா மொத்த வண்டியும் 3 டிகிரி சாயும். சாய்வு 30 ஆச்சு, ட்ரெயில் 118.

20 மி.மீ. என்ன பெரிசுன்னு தோணும். நேர்ப் பாதைல வண்டி ரயில் மாதிரி போகும். ஆனா தோப்புக்குள்ள மெதுவா திரும்பும்போது ஹேண்டில் தானா ஒரு பக்கம் விழும், தூக்கி நிறுத்தணும். உங்க வண்டியோட சாய்வை நீங்களே அளங்க, போன்ல கோணம் காட்டற ஆப் போதும். முடிஞ்சா இறக்கத்தை 2 இஞ்சோட நிறுத்துங்க.

#15 பெரம்பூர்_பட்டறை

2 இஞ்ச் இறக்கம், 2 இஞ்ச் நீட்டம். முடிவு. நாளைக்குச் செம்புதாஸ் தெரு.

#16 பெரம்பூர்_பட்டறை
6 வாரம் கழிச்சு

மக்களே, நல்ல செய்தி முதல்ல.

ஷெட் தரை வாட்டம் போட்டது, தண்ணி ஓடறதுக்காக. அதுல வெச்சு எதையும் அளக்க முடியாதுன்னு முதல் நாளே தெரிஞ்சுது. பக்கத்துத் தெருவுல கிச்சன் மேடை போடறவங்ககிட்ட மிச்சமான கிரானைட் பலகை ரெண்டு வாங்கி, அடியில ஆப்பு வெச்சு ரசமட்டம் பாத்து உக்கார வெச்சேன். அது மேல 100-க்கு 50 சானல் 2 மீட்டர். நூல் கட்டிப் பாத்தா சானலே நடுவுல ஒரு நூல் வளைஞ்சிருந்துச்சு. மூணு கடை ஏறி நேரான துண்டு கிடைச்சுது. கழுத்துலேர்ந்து தூக்குக் குண்டு, பின் அச்சுக்கு டம்மி ராடு, ரெண்டு பக்கமும் குறுக்களவு. கொத்தனார் வாட்டர் லெவல் ட்யூபையும் விடல.

மீன் வாய் 8 வெட்டினேன், அதுல 3 குப்பை. பெஞ்சுல 40 துண்டு பழகின பிறகுதான் அக்கா சொன்ன குழி என் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

இப்ப கெட்ட செய்தி. திட்டுங்க, வாங்கிக்கறேன். கேஸ் ரெண்டையும் லேத் பட்டறைக்கு ஸ்லீவ் வேலைக்குக் குடுத்திருந்தேன், அவர் 10 நாள் இழுத்தடிச்சார். எனக்குப் பொறுமை இல்ல. கேஸ் இல்லாமலே ஃப்ரேமை சானல்ல கட்டி, முக்கோணத்தை மாட்டி, டேக் அடிச்சு, கீழ் ட்யூப் ரெண்டையும் முழு வெல்டு போட்டுட்டேன். அழகா வந்துச்சு. நேத்து கேஸ் வந்துச்சு, ஏத்தினேன். பின் பிளேட் போல்டு எல்லாம் இறங்குது. முன் போல்டு ஓட்டை சரியா ஒரு நூல் தள்ளி நிக்குது.

ராத்திரி பூரா அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

#17 லூனா_லோகு

தாத்தா வர்றதுக்குள்ள ஓடிடு.

#18 ஃப்ரேம்ஷாப்_தாத்தா

திட்ட மாட்டேன். நானும் ஒரு தடவை பண்ணியிருக்கேன், அதனாலதான் அன்னிக்கு அவ்வளவு விலாவாரியா எழுதினேன்.

ராடு விட்டு நெம்பி போல்டை ஏத்திடலாம்னு தோணும். ஏறவும் ஏறும். ஏத்திட்டா எஞ்சின் கேஸ் நாள் பூரா அந்த இழுப்பைத் தாங்கிக்கிட்டு ஓடும். ஒரு நாள் முன் மவுண்ட்ல அலுமினியம் பிளக்கும். கேஸ் போனா புல்லட் போச்சு.

என்ன நடந்துச்சுன்னா, கீழ் ட்யூப் வெல்டு ஆறும்போது சுருங்கி, ஸ்விங் ஆர்ம் போல்டு இருக்கற இடத்தை இழுத்திருக்கு. கேஸ் இருந்திருந்தா எதிர்த்து நின்னிருக்கும். அடியில ஒண்ணுமே இல்லாத ஃப்ரேம் என்ன பண்ணும், கூடவே போயிடுச்சு.

கீழ் ட்யூப் ரெண்டையும் நடுவுல வெட்டு. உன் பைப்பைத்தான் வெட்டற, அப்பா ஃப்ரேமை இல்ல. இப்பப் புரியுதா எதுக்குக் கழட்டி மாட்டறதா கட்டச் சொன்னேன்னு? வெட்டின உடனே ஃப்ரேம் தானா விட்டுக்குடுக்குதான்னு பாரு. கேஸை ஏத்து, எல்லா போல்டும் கையால இறங்கணும், சுத்தியலைக் கண்ணுல காட்டாதே. அப்புறம் வெட்டின இடத்துல பைப்புக்குள்ள இறுக்கமா உக்காரற மாதிரி 4 இஞ்ச் உள் பைப் லேத்துல கடைஞ்சு வை. வெளி பைப்புல ரெண்டு ரெண்டு ஓட்டை போட்டு உள் பைப்போட சேத்து அடைச்சு வெல்டு பண்ணு, அப்புறம் சுத்து வெல்டு. இந்த இணைப்பு முன்னைவிட பலமா இருக்கும்.

#19 ஆர்கான்_அக்கா

வலது பக்கம் ஒரு இஞ்ச், இடது பக்கம் ஒரு இஞ்ச், மேல, கீழன்னு மாத்தி மாத்திப் போடுங்க. கை வெச்சா பொறுக்கற சூடு வர்ற வரைக்கும் அடுத்ததைத் தொடக் கூடாது. முதல் தடவை ஒரே மூச்சுல சுத்தி வந்திருப்பீங்க. அழகா வந்துச்சுன்னு சொன்னீங்கள்ல, அங்கயே எனக்குச் சந்தேகம்.

வாட்டர் லெவல் ட்யூபைத் தூரத்துக்கு மட்டும் வெச்சுக்குங்க. அச்சோட ரெண்டு முனைக்கு நடுவுல அது பிரயோஜனப்படாது, ஒரு மி.மீ. தப்பு தண்ணி விளிம்புலயே ஒளிஞ்சுக்கும்.

#20 வேளச்சேரி_போட்

ஒரு பொதுக் கேள்வி. இவ்வளவு பாடுபட்டு ஓட்டறப்ப இடுப்பு என்ன ஆகும்?

#21 சோழாவரம்_பாக்ஸ்

சின்ன வயசுல சோழாவரம் பழைய விமான ஓடுபாதையில ரேஸ் பாக்கப் போனவன். இருங்காட்டுக்கோட்டைல 1990-ல ட்ராக் திறந்தப்புறம் அங்கயும் பிட்ல ஸ்பேனர் எடுத்துக் குடுத்திருக்கேன். பின் சஸ்பென்ஷன் இல்லாத பழைய வண்டிகளை ஓட்டியும் இருக்கேன்.

ஹார்ட்டெயில்ல டயர்தான் சஸ்பென்ஷன். பக்கவாட்டு உயரமான டயரா போடணும், காத்தைக் கல்லு மாதிரி ஏத்தக் கூடாது. சீட் ஸ்ப்ரிங் உங்க முதுகை மட்டும்தான் காப்பாத்தும். வண்டிக்கு அது தெரியாது, ஒவ்வொரு போல்டும் அடி வாங்கும். குழியைப் பாத்தா ஃபுட் ரெஸ்ட்ல லேசா எழுந்து நிக்கறது தானா வந்துடும்.

வேகத்தடைதான் எமன். இந்திய சாலைப் பேராயத்தோட கணக்குப்படி மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும், அதுல ஏறினா படகு மாதிரி ஏறி இறங்கும். எங்க தெருவுல இருக்கறது அதே உயரம், அகலம் ஒரு முழம். யாரோ தென்னைமரத்தை வெட்டிப் போட்டு மேல தார் ஊத்தின மாதிரி. அதுல 2 இஞ்ச் இறக்கின வண்டி அடிவயித்தால உக்காரும்.

நல்லதும் ஒண்ணு இருக்கு. ஸ்விங் ஆர்ம் ஏறி இறங்கும்போது செயின் இறுகும் தளரும், அதுக்காகத் தொய்வு விட்டு வைக்கணும். இதுல அச்சு அசையாது, செயின் எப்பவும் ஒரே நீளம். தொய்வு கம்மியா வெச்சாலே போதும். கேக்கவே சுகமா ஓடும்.

#22 பெரம்பூர்_பட்டறை
இன்னும் 5 வாரம் கழிச்சு

வெட்டினேன். கிரைண்டர் பிளேடு கடைசி இழையைத் தாண்டினதும் “டிங்” னு ஒரு சத்தம், பைப் ரெண்டும் தானா விலகுச்சு. முன் போல்டைக் கையால தள்ளினேன், வழுக்கிட்டுப் போச்சு.

தாத்தா, அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணியிருக்கலாம்.

உள் பைப், அடைப்பு வெல்டு, மாத்தி மாத்தி ஒவ்வொரு இஞ்ச், எல்லாம் சொன்னபடி. 4 நாள் காலை ஆச்சு. அளவு இப்ப: ரெண்டு குறுக்களவுக்கும் வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள்ள. பின் சக்கரம் மாட்டி முன் சக்கரம் வரைக்கும் நூல் பிடிச்சா ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி.

பெயின்ட்டுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணேன். எங்க தெரு லேத்துக்காரர் சொல்லிக் குடுத்தது. வெல்டு மேல மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் ஊற விட்டு, நல்லா துடைச்சுட்டு, சாக்பீஸ் தூள் பூசணும். விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் வெளிய கசிஞ்சு வெள்ளைல கோடு காட்டும். 16 இணைப்புல 15 சுத்தம். இடது அச்சு பிளேட்ல, வெல்டு முடியற இடத்துல, எறும்பு மீசை அளவுக்கு ஒரு கோடு.

#23 ஆர்கான்_அக்கா

முடிக்கும்போது டார்ச்சை வெடுக்குனு எடுத்திருக்கீங்க. கடைசிக் குழி திடீர்னு ஆறி நடுவுல நட்சத்திரம் மாதிரி பிளக்கும். கரன்ட் மெல்ல இறங்கற வசதி உங்க மெஷின்ல இருக்காது. அதனால முடிக்கும்போது கம்பியை ஒரு சொட்டு கூடுதலா குடுத்துட்டு, வந்த வழியிலயே அரை இஞ்ச் திரும்பி, போட்ட வெல்டு மேல போய் விடுங்க. ஆர்கான் நிக்கற வரைக்கும் டார்ச்சை அங்கயே பிடிங்க.

விரிசல் மேல பூசாதீங்க. வேர் வரைக்கும் குடைஞ்சு எடுத்துட்டுப் புதுசா போடுங்க. திரும்ப மண்ணெண்ணெய்.

சாக்பீஸ் போட்டுப் பாக்கணும்னு தோணுச்சே, அதுக்கு என் சார்பா ஒரு டீ.

#24 சோழாவரம்_பாக்ஸ்

போட்டோ பாத்தேன். வேலை சுத்தம். ஆனா பின் பிரேக் பிளேட்டைப் பிடிச்சு நிக்க வைக்கற ஆங்கர் எங்க? பழைய ஸ்விங் ஆர்ம்ல இருந்துச்சு, உன் ட்யூப்ல எதுவும் காணோமே.

#25 பெரம்பூர்_பட்டறை

...

#26 சோழாவரம்_பாக்ஸ்

அதான் கேட்டேன். பிரேக் பிடிச்ச உடனே பிளேட் ட்ரம்மோட சேர்ந்து சுத்தும். பிரேக் ராடு வளைஞ்சு சுத்திக்கிட்டு பின் சக்கரம் பூட்டும். பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கீழ் ட்யூப்ல 6 மி.மீ. பிளேட்ல ஒரு காது வெல்டு பண்ணு. ஓரத்துல சின்னதா ஒட்டாதே, ட்யூபை அணைச்சு நிக்கற மாதிரி நீளமா. பிரேக் விசை மொத்தமும் அதுலதான்.

#27 லூனா_லோகு

3 மாசமா 25 பதிவு, வெல்டு, விரிசல், ட்ரெயில்னு பேசினோம். பிரேக் யாருக்கும் ஞாபகம் வரல பாருங்க.

#28 பெரம்பூர்_பட்டறை
17 நாள் கழிச்சு

காது வெச்சாச்சு. விரிசல் குடைஞ்சு புதுசா போட்டாச்சு, சாக்பீஸ் வெள்ளையாவே இருந்துச்சு. கிண்டில பவுடர் கோட்டிங், கறுப்புதான். கழுத்துல நம்பர் இருக்கற இடத்துல டேப் ஒட்டி அனுப்பினேன், குமாஸ்தா சார். ஃப்ரேம் திரும்பி வந்ததும் முதல்ல அதைத்தான் பாத்தேன்.

நேத்து குட்டி யானைல ஏத்திட்டுத் தோப்புக்குப் போனோம். பாயின்ட் இடைவெளி வெச்சு, 9-வது கிக்குல பிடிச்சுக்கிச்சு. மாமா ரெண்டு பேர் வேலையை விட்டுட்டு ஓடி வந்தாங்க. முதல் 100 மீட்டர் நடக்கற வேகம். கோணமானி சொன்னது உண்மை, தென்னைக்கு நடுவுல திரும்பும்போது ஹேண்டில் கனமா விழுது. நேரா விட்டா அசையறதே இல்ல. வாய்க்கால் வரப்புல ஏறினப்ப மட்டும் பல் ரெண்டு வரிசையும் முட்டிக்கிச்சு. 6 கிலோமீட்டர் ஓட்டிட்டு எல்லா போல்டும் பாத்தேன், மேல் ஸ்டட் நட்டு ஒண்ணு கால் சுத்து தளர்ந்திருந்துச்சு. தளராத நைலாக் நட்டு போட்டுட்டேன்.

அம்மாவும் வந்திருந்தாங்க. சத்தத்தைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. வண்டியை நிறுத்தினப்புறம் கிட்ட வந்து, “உங்கப்பா சீட்டு எங்கடா?” ன்னு மட்டும் கேட்டாங்க.

ஷெட்ல இருக்கு. ஸ்விங் ஆர்ம், சீட்டு, ஷாக் எல்லாம் கிரீஸ் தடவி சாக்குல சுத்தி 4 அடி உயரத்துல மாட்டியிருக்கேன்.

#29 வேளச்சேரி_போட்

ஷாக் ரெண்டும் நல்ல கண்டிஷனா? விக்கற ஐடியா இருந்தா சொல்லுங்க பாஸ், என் வண்டிக்கு வேணும். ராடு கழட்டிட்டேன்.

#30 பெரம்பூர்_பட்டறை

இல்ல பாஸ்.